முறை வைத்து ஏறின பஸ்

1

எங்கட தெருவில் பஸ் கம்பம் நட்டுவிட்டார்கள்.

அன்றைக்கே ஊருக்கு எழுதவேணும் என்று நினைத்தேன். நான் அதிகம் எழுதுகிற ஆள் இல்லை. படித்தது அஞ்சாம் வகுப்பு. வாசிகசாலை மலருக்கு வெளிநாட்டில் இருக்கிறவர்களும் எழுதவேணும் என்று கேட்டிருந்தீர்கள். பனி எப்படி, சாப்பாடு எப்படி என்று எழுதச் சொன்னீர்கள். பனி குளிர். சாப்பாட்டில் உறைப்பு இல்லை. அது முடிந்தது. நான் பஸ்ஸைப் பற்றி எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் நடுப்பக்கத்தில் ஒரு பட்டணம். பேரைச் சொன்னால் உங்களுக்கு வாயில் வராது, எனக்கும் ஒரு வருசம் வரவில்லை. பழைய தெருக்களை நகரசபை இடித்தது. இடிபட்ட வீட்டு ஆட்களுக்குப் பட்டணத்து ஓரத்தில் புது வீடு கட்டிக் கொடுத்தது. நாங்கள் வாடகைக்கு இருந்த வீடும் இடிபட்டதால் எங்களுக்கும் ஒன்று கிடைத்தது. குளிக்கிற அறை உள்ளுக்கே இருக்கிறது. குழாயைத் திருகினால் சுடுதண்ணி. முதல் நாள் நானும் மகள் பத்மாவும் மாறி மாறித் திருகிப் பார்த்தோம். குளிக்க மறந்துபோனோம்.

வீடு வந்தது, தெரு வரவில்லை. முழங்கால் சேறு. பிறகு தெருவுக்குக் காசு வந்து தார் போட்டார்கள், ஓரக்கல் வைத்தார்கள், விளக்குப் போட்டார்கள். தார் ஊற்றின அன்று நான் வாசலில் நின்று மணந்துகொண்டே இருந்தேன். எனக்கு அந்த மணம் பிடிக்கும்.

பஸ் மட்டும் இல்லை. பஸ் ஏறுவதென்றால் வெறும் வெளியைத் தாண்டி, கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி, ஒரு ஏற்றம் ஏறிப் பெரிய றோட்டுக்குப் போகவேணும்.

எனக்கு வேலை ஆஸ்பத்திரிச் சலவைச்சாலையில். விடிய ஏழு மணிக்கு நிற்கவேணும். கோடையில் நடந்து சமாளித்தேன். மழை தொடங்கின பிறகு பிந்தினேன். எங்களுக்கு மேலே நிற்கிற மனுசி மிசிஸ் ப்றைஸ். கெட்டவ இல்லை. ஆனால் மணிக்கூடு பார்க்கிறவ. “இனி ஒருக்காப் பிந்தினால் வரவேண்டாம்” என்று சொல்லிவிட்டா.

வேலை போனால் பட்டினி கிடக்கமாட்டோம். இவர் பட்டறையில் இரவு வேலை செய்கிறார். ஆனால் இந்த வேலைக்கு முன்னால் ஒரு மாரி முழுக்க வீட்டுக்குள் இருந்தேன். இவர் பகலில் நித்திரை. பத்மா பள்ளிக்கூடம். நானும் ஜன்னலும். ஒரு கிழமை ஒரு மனுசரோடும் பேசாமல் போயிருக்கிறது. காட்டோரம் வளர்ந்தவளுக்குத் தனிமை புதிதில்லை. ஆனாலும் அங்கே மாட்டோடையாவது கதைப்பேன். திரும்பவும் அந்த ஜன்னலுக்குப் போக என்னால் ஏலாது.

ஆனபடியால், கம்பம் நட வந்த இரண்டு பேருக்கும் நான் தேத்தண்ணி கொடுத்தேன். பாண் கொடுத்தேன். சீமெந்து காயும் மட்டும் பக்கத்தில் நின்றேன்.

கம்பத்தில் ஒரு தாள் ஒட்டினார்கள். பத்மா பள்ளிக்கூடத்தால் வந்து வாசித்தாள். அவளுக்கு ஒன்பது வயது. அரசாங்கக் கந்தோர் மாதிரி, எங்கட வீட்டுக் கந்தோர் அவள்தான். எந்தக் கடுதாசியும் அவளிடம்தான் போகும்.

“அம்மா, இது சும்மா பரீட்சைக்குத்தான் விடினம். மூண்டு மாதம். எத்தினை பேர் ஏறினம் எண்டு பாப்பினமாம். ஆள் காணாட்டி எடுத்துப்போடுவினமாம்.”

நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு இந்தக் கதை தெரியும். உங்களில் மூத்த ஆட்களுக்கும் தெரியும்.

2

தெரியாத இளசுகளுக்குச் சொல்கிறேன்.

உடையார்கட்டில் எங்கட குடியேற்றம் பெரிய றோட்டிலிருந்து நல்லா உள்ளுக்கு. இப்போது உங்களுக்கு றோட்டு இருக்கிறது. எங்களுக்கு இருந்தது வண்டில் தடம். மாரியில் அதுவும் இல்லை. இவர் அப்போது பரந்தன் தொழிற்சாலையில் வேலை. அங்கேயே தங்கி, சனிக்கிழமையில் வருவார். மாரியில் சைக்கிள் அவரை ஏற்றாது, அவர்தான் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வருவார். பத்மா கைக்குழந்தை. தகப்பனைக் கண்டால் யாரோ என்று அழுவாள்.

அரசாங்கம் தனியார் பஸ்ஸெல்லாவற்றையும் தான் எடுத்த காலம். எங்கட தடத்துக்கும் காசு ஒதுக்கினார்கள். கிறவல் மண் வந்தது, வாய்க்காலைக் கடக்கிற மதகுக்குக் காசு வரவில்லை. கிறவலுக்கு ஒரு கந்தோர், மதகுக்கு வேறு கந்தோர். மதகு வரும் மட்டும் பாலைமரக் குற்றி போட்டுக் கடந்தோம். மதகு வந்தபோது கிறவலை மழை கொண்டுபோய்விட்டது. திரும்பக் கிறவல். றோலர் வந்த அன்று பள்ளிக்கூடம் நடக்கவில்லை. வாத்தியாரும் றோலருக்குப் பின்னால் நடந்தார்.

அதுக்குப் பிறகு பஸ் வந்தது. சிவப்பு. கண்ணாடியெல்லாம் மினுங்கிக்கொண்டு பத்தையை உரசிக்கொண்டு வந்தது. நிறைகுடம் வைத்தோம். சாரதிக்கு வெட்கம். மாலையைக் கழுத்தில் போடவிடாமல் கையில் வாங்கினார்.

கூட வந்த பஸ் கந்தோர்க்காரர் சொன்னார்: “பரீட்சைக்கு விட்டிருக்கு. சனம் ஏறாட்டி நிப்பாட்டுவம்.”

அன்று பின்னேரம் சங்கக்கடைக்கு முன்னால் கூட்டம். பேசினவர் விதானையார். குளத்துத் தண்ணியை வயல்களுக்கு முறை வைத்துப் பங்கிடுகிறவர். யாருக்கு எந்த நாள், எத்தனை நாழிகை என்று அவர் சொன்னால் சொன்னதுதான்.

“பஸ்ஸும் தண்ணி மாதிரித்தான்,” என்றார். “எல்லாரும் ஒரே நாளிலை பாய்ச்சினா அடுத்த நாள் வாய்க்கால் காயும். முறை வைப்பம்.”

சின்னத்தம்பியர் என்று ஒருவர். எதற்கும் ஒரு கேள்வி கேட்பார். “எனக்குப் பரந்தனிலை ஒரு அலுவலும் இல்லையே?”

“வயல் நனைஞ்சிருக்கெண்டு உம்மடை முறைத் தண்ணியை விட்டுக் குடுப்பீரோ?”

“ஆர் விட்டது? விடமாட்டன்.”

“அப்ப ஏறும்.”

“சரி, புளியம்பொக்கணைக் கோயில் பொங்கல் வந்தா? எல்லாரும்தானே போவம். அப்ப முறை?”

“குளம் நிரம்பி வான் பாய்ஞ்சா முறை ஏது காணும்? எல்லாரும் ஏறுங்கோ!”

எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கே முறை போட்டாயிற்று. சீலை கட்டி, பூ வைத்து, எப்போது விடியும் என்று வீட்டு வாசலில் இருந்தோம். நாங்கள் பஸ் பிடிக்கப் போகவில்லை. பஸ்ஸைக் காப்பாற்றப் போனோம். அதில் ஒரு பெருமையும் எழுப்பமும் இருந்தது பாருங்கோ.

3

பிழை எங்கே விட்டோம் என்றால், ரிக்கற்றில்.

பரந்தன் வரைக்கும் போகக் காசு கூட. முதல் மதகடி வரைக்கும் என்றால் மிகக் குறைவு. ஏறுகிறதுதானே கணக்கு, எங்கே இறங்கினால் என்ன என்று எல்லாரும் நினைத்தோம். மதகடிக்கு ரிக்கற் எடுப்போம். இறங்குவோம். வெற்றிலை போடுவோம். வயல் வரம்பால் நடந்து வீட்டுக்கு வருவோம். என்ர அம்மா கூறைச்சீலையோடு மதகடிக்குப் போய் வந்தா. எங்களைப் போல் கெட்டிக்காரர் இல்லை என்று நினைப்பு.

ஒரு நாள் கந்தோர்க்காரர் வந்தார். பஸ் நிறையச் சனம். அவருக்குச் சந்தோசம். மதகடியில் பஸ் நின்றது. அவ்வளவு பேரும் இறங்கினார்கள். அவரும் சாரதியும் மட்டும் மிச்சம்.

அவரும் இறங்கினார். சுற்றிப் பார்த்தார். ஒரு பக்கம் வயல். மற்றப் பக்கம் காடு.

“இங்கை என்ன இருக்கு?”

சின்னத்தம்பியர்தான் சொன்னார். “மதகு இருக்கு ஐயா.”

“மதகிலை உங்களுக்கு என்ன அலுவல்?”

“பாத்திட்டு வருவம்.”

அவர் சிரிக்கவில்லை. “ஒவ்வொரு நாளும் முழுச் சனமும் மதகு பாக்க வருதோ? நடந்து போற தூரம். பரந்தனுக்கு ஒருத்தருக்கும் அலுவல் இல்லை. இதுக்கு ஒரு பஸ் தேவையில்லை.”

அவர் சொன்னதில் பிழை இல்லை. அவர் கண்டது அதுதான்.

பொங்கலுக்கு முன்னால் பஸ் நின்றது. விதானையார் மதகில் போய்க் குந்தியிருந்தார். என்ர தகப்பனார் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். வழியில் விதானையார் சொன்னாராம்: “முதல் மதகிலை தண்ணியை மறிச்சுப்போட்டம். கடைசி வயல் வரைக்கும் விட்டிருக்கவேணும்.”

இரண்டு மாரி கழித்துத்தான் பஸ் திரும்ப வந்தது. அந்த இரண்டு மாரியும் பத்மா தகப்பனைக் கண்டு அழுதாள்.

4

இப்போது இங்கே.

பக்கத்து வீட்டில் டோறிஸ். என்னைவிட மூத்தவ. பெரிய உடம்பு, பெரிய குரல், வாயில் எப்போதும் சிகரட். முதல் தரம் அவ வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பினேன். “போயிட்டு வாறன்” என்பதை அப்படியே இங்கிலீசில் சொன்னேன். அவ கேத்திலைத் திரும்ப அடுப்பில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறா. பின்னேரம் வந்து கதவில் தட்டினா. “வாறன் எண்டனீ, எங்கை?” அப்படித்தான் சிநேகிதம் வந்தது.

அவ என்னை “அன்பே” என்று கூப்பிடுவா. இங்கே எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான். முதன்முதல் ஒரு கடைக்காரன் மிச்சக்காசைத் தந்துகொண்டு அப்படிச் சொன்னபோது நான் காசை வாங்காமல் வீட்டுக்கு ஓடிவந்தேன். இவர் கதிரையிலிருந்து விழுந்து சிரித்தார்.

டோறிஸ் சொல்வதில் பாதிதான் எனக்கு விளங்கும். அந்தப் பாதியைத் தமிழில் எழுதுகிறேன்.

உடையார்கட்டுப் பஸ் கதையை அவவுக்குச் சொன்னேன். கையாலும் சொன்னேன். மதகு பார்த்த இடத்தில் அவ மேசையில் அடித்துச் சிரித்தா. பிறகு சிகரட்டை அணைத்தா.

“சரி அன்பே. எங்கட தெருவுக்கு நீதான் முறை வைச்ச அந்தக் கிழவன்.”

நான் இவரிடம் சொன்னேன். “உமக்கென்ன விசரே? வெள்ளைக்காரரை முறை வைச்சு பஸ் ஏத்தப் போறீரோ?” என்றார். “ஓம்” என்றேன். அவர் போர்வையை இழுத்து மூடிவிட்டுப் படுத்தார்.

இங்கே சொல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. முறை சொல்ல நானும் டோறிசும் பத்மாவும் வீடு வீடாய்ப் போனோம். ஒரு தட்டில் உழுந்து வடை. பத்மா பின்னால் நின்றாள்.

“அம்மா, இங்கை இப்பிடிக் கதவு தட்டிறேல்லை. சாப்பாடு கொண்டுபோறேல்லை.”

“சரி. நீர் தட்டவேண்டாம். நான் தட்டுறன்.”

அவள் இப்போது அப்படித்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் எனக்கு நாலடி முன்னால் நடக்கிறாள். பஸ்ஸுக்குள் நான் தமிழில் கதைத்தால் ஜன்னலைப் பார்க்கிறாள். சொல்லி என்ன.

மிஸ்ரர் ஹாறிசன் என்று ஒருவர். எங்கட தெருவில் கார் வைத்திருக்கிற ஆள். கதவை அரைவாசி திறந்தார். “என்னட்டைக் கார் இருக்கு.”

“காருக்குக் காய்ச்சல் வந்தா?” என்று கேட்கச் சொன்னேன். பத்மா மாட்டேன் என்றாள். கையாலும் வாயாலும் டோறிசுக்கு விளங்கப்படுத்த, அவ கேட்டா. அவர் கதவை மூடிவிட்டார். நாங்கள் வாசல் படலை வரைக்கும் வர, அவருடைய மனுசி பின்னால் ஓடிவந்தா. ஒரு வடையை எடுத்துக்கொண்டு, “எங்கட முறை எந்த நாள்?” என்றா.

மிஸ்ரர் ரெய்லர் தனி மனுசன். ஒரு நாயும் அவரும். புது வீட்டுக்கு வந்த நாள் முதல் பட்டணத்துக்குப் போகவில்லையாம். தன் முறைக்குத் தொப்பி வைத்து, கழுத்துப் பட்டி கட்டி, நாயோடு நின்றார். பஸ்ஸின் கடைசித் தரிப்பு வரைக்கும் போய், பழைய சிநேகிதர்களோடு பியர் குடித்துவிட்டு வந்தார். அடுத்த நாளும் வந்து நின்றார். நான் பேசினேன். “முறையைக் குழப்பாதேங்கோ. உங்களுக்கு வியாழன்.” அவர் தொப்பியை எடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். நாய்தான் போகமாட்டேன் என்றது.

எல்லாருக்கும் ஒரு கட்டளை போட்டேன். முதல் தரிப்பில் இறங்கக்கூடாது. பட்டணம் வரைக்கும் போகவேணும்.

பள்ளிக்கூட மண்டபத்தில் நகரசபைக்காரர் ஒருவர் கூட்டம் வைத்தார். நாங்களும் போனோம். பஸ் நட்டத்தில் ஓடினால் அதை வீட்டு வரியிலிருந்துதான் கட்டவேணும் என்றார்.

ஒருவர் எழும்பி, “தெரு விளக்குக்கு வந்த காசிலை மிச்சம் இல்லையா?” என்றார்.

“விளக்குக் காசு வேறை பெட்டி.”

“ஓரக்கல்லுக்கு வந்தது?”

“அது வேறை பெட்டி.”

டோறிஸ் இருந்த இடத்திலிருந்தே கத்தினா. “பஸ் ஏறுற ஆக்களுக்கு ஒரு பெட்டியும் செய்யேல்லையோ?”

மண்டபம் சிரித்தது. அந்த மனுசனும் சிரித்தார். ஆனால் போகும்போது சொல்லிவிட்டுப் போனார்: ஒரு நாள் ஆள் வரும், எண்ணும், எந்த நாள் என்று சொல்லமாட்டோம்.

கிறவலுக்கு ஒரு கந்தோர், மதகுக்கு ஒரு கந்தோர். எனக்கு ஊரில் நிற்பது போலத்தான் இருந்தது.

ஆனாலும் பாருங்கோ, விடிய அந்த இரண்டு தட்டுப் பஸ் விளக்குப் போட்டுக்கொண்டு வளைவில் திரும்பும்போது நான் ஒவ்வொரு நாளும் இரண்டு அடி முன்னுக்குப் போய் நிற்பேன். எங்கட தெருவுக்கு. எங்களை ஏற்ற. மேல் தட்டில் முன்னுக்கு இருந்தால் முழுப் பட்டணமும் தெரியும். இடிக்கிற தெரு, கட்டுகிற தெரு, கிண்டி வைத்த குழி, பாரந்தூக்கி எல்லாம் தெரியும். எங்கே பார்த்தாலும் வேலை நடக்கிறது. நான் பிந்தவில்லை. மிசிஸ் ப்றைஸ் மணிக்கூட்டையும் என்னையும் பார்த்துவிட்டுப் போவா.

5

அன்று விடியப் பனி கொட்டியிருந்தது. தெருவும் ஓரக்கல்லும் ஒன்றாய்க் கிடந்தது.

தரிப்பில் நான். இன்னும் இரண்டு பேர். மற்றவர்கள் பனிக்குப் பயந்து வரவில்லை. ஹாறிசன் வீட்டுப் பக்கத்து முறை அன்று. அவர் வாசலில் காரைக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் இருமியது.

பஸ் வந்தது. எங்கட தெரு முடிவில்தான் அது திரும்புகிறது. கொஞ்ச நேரம் நின்றுதான் போகும். கண்டக்டர் வின்ஸ்ரன் கீழே குதித்தார். ஜமெய்க்காக்காரர். என்னை “சிஸ்டர்” என்பார். எங்கட முறை அவருக்கும் தெரியும். அவரைக் கேட்டால் நல்ல பகிடி என்று சிரிப்பார்.

அன்று பகிடி இல்லை. “சிஸ்டர், இண்டைக்குத்தான்.”

உள்ளே பார்த்தேன். மண்ணிறக் கோட்டுப் போட்ட ஒருவர். மடியில் பலகை, கையில் பென்சில்.

நான் ஓடினேன். டோறிஸ் வீட்டுக் கதவில் இரண்டு கையாலும் அடித்தேன். மேல் ஜன்னல் திறந்தது. தலை நிறையச் சுருட்டுக் குழல்.

“இண்டைக்கு என்ர நாள் இல்லையே அன்பே. நேற்றெல்லோ ஏறினனான்.”

ரெய்லர் வீட்டுக்கு ஓடினேன். அவர் கதவைத் திறந்து மரியாதையாய் நின்றார். “எனக்கு வியாழன். முறையைக் குழப்பக்கூடாது எண்டு நீதானே சொன்னனீ?”

சொன்னது நான்தான். ஊரில் என்றால் எண்ணுகிற ஆள் வந்திட்டார் என்று ஒரு சத்தம் போட்டால் காணும், மாட்டையும் கொண்டுவந்து ஏற்றுவார்கள். இங்கே சொன்னால் சொன்னதுதான். விதானையாருக்குக்கூட இப்படி ஒரு சனம் கிடைத்திருக்காது.

எனக்கு இங்கிலீசு வரவில்லை. ஒரு சொல்லும் வரவில்லை. பஸ் அங்கே உறுமிக்கொண்டு நிற்கிறது. நான் தெரு நடுவில், பனிக்குள் நின்று கத்தினேன்.

“குளம் வான் பாயுது! முறை இல்லை! எல்லாரும் வாங்கோ! எல்லாரும் ஏறுங்கோ!”

என்ர சத்தம் எனக்கே புதிது. நான் பிள்ளை பெறும்போதும் கத்தாத ஆள்.

ஜன்னல்கள் திறந்தன. எங்கட கதவும் திறந்தது. பத்மா. தகப்பன்ர பெரிய கோட்டுக்குள் அவள், கோட்டு பனியில் இழுபட்டது. என்னைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன்.

அவள் குப்பை வாளியின் மூடியை எடுத்தாள். இன்னொரு கையில் போத்தல். தெருவின் மற்றப் பக்கத்தால் மூடியில் அடித்துக்கொண்டு ஓடினாள்.

“வான் பாயுது! வான் பாயுது! எல்லாரும் வாங்கோ!”

தமிழில். தெரு முழுக்க. அவளோடு படிக்கிற பிள்ளைகள் ஜன்னலில் நின்று பார்க்க.

“எங்கை நெருப்பு?” என்று டோறிஸ் கத்தினா.

“நெருப்பில்லை, பஸ்!” என்று பத்மா இங்கிலீசில் கத்தினாள். “எண்ணுறவர் வந்திட்டார்! இண்டைக்கு எல்லாருக்கும் முறை!”

பிறகு பார்க்கவேணும். டோறிஸ் இரவுச் சட்டைக்கு மேலே கோட்டும் காலில் வீட்டுச் செருப்புமாக வந்தா. ரெய்லர் நாயோடு வந்தார், தொப்பியை மறக்கவில்லை. கைக்குழந்தைக்காரிகள் வந்தார்கள். முகத்தில் சவர்க்காரத்தோடு ஒருவர். அரைவாசிப் பாணை வாயில் வைத்துக்கொண்டு ஒருவர். பனியில் வழுக்கிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு. ஹாறிசன் காரின் மூடியை அடித்துச் சாத்தினார். வந்து வரிசையில் நின்றார்.

இவர் அப்போதுதான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றினவர். வாசலில் நின்றார்.

“உமக்கு உண்மையா விசர்தான்.”

“ஓம். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஏறுங்கோ.”

ஏறினார்.

கீழ்த்தட்டு நிறைந்தது. மேல்தட்டு நிறைந்தது. எண்ணுகிறவர் ஒரு பிள்ளைத்தாச்சிக்குத் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டு எண்ணினார். நாய் அவருடைய காலடியில் படுத்தது. நான் கடைசியாய் வந்தேன், எல்லாரையும் தள்ளி ஏற்றிவிட்டு. வின்ஸ்ரன் கையைக் குறுக்கே நீட்டினார்.

“சிஸ்டர், இனி ஏலாது. இதுக்கு மேலை ஏத்த எனக்குச் சட்டமில்லை.” அவர் முகம் கவலைப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றது.

“போங்கோ” என்றேன்.

மணி அடித்தார். பஸ் ஒரு பக்கம் சரிந்துகொண்டு போனது. கண்ணாடி முழுக்க மூச்சுப் புகை, கைகள். அந்தச் சிவப்பு விளக்கு வளைவில் மறையும் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அம்மா,” என்றாள் பத்மா. “நீங்கள் ஏறேல்லையே!”

“ஓம்.”

“வேலை?”

“நடப்பன்.”

ஏறக் கிடைக்காமல் நின்றவர்களில் ஹாறிசன்ர மனுசியும் ஒரு ஆள். பத்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனா. போகும்போது பத்மா மூடியை ஒருதரம் அடித்துக் காட்டினாள்.

6

வெளி, பாலம், ஏற்றம். கால் புதைந்து புதைந்து போனேன். பெரிய றோட்டிலும் பஸ் பிந்தி வந்தது. ஏழு மணி எப்போதோ போய்விட்டது. வேலை போச்சு என்று நினைத்தேன். ஜன்னலை நினைத்தேன். ஆனாலும் கண்ணாடியில் பதிந்த அந்தக் கைகளை நினைக்கச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த மனுசன் எழும்பி வேறு இடத்தில் போய் இருந்தார்.

சலவைச்சாலைப் படலையில் ஒரு நாய் கட்டியிருந்தது. தெரிந்த நாய்.

உள்ளே போனேன். நீராவி. சூட்டு உருளைக்கு முன்னால், என்ர இடத்தில், டோறிஸ். கோட்டைக் கழற்றிவிட்டு இரவுச் சட்டையோடு படுக்கைச் சீலையைப் பிடித்து உருளைக்குக் கொடுத்துக்கொண்டு நிற்கிறா. தலையில் சுருட்டுக் குழல். மற்றப் பக்கத்தில் தொப்பியோடு ரெய்லர். தலையணை உறை மடிக்கிறார். கோணல் மாணலாய்.

“எங்கை போனனீ?” என்றா டோறிஸ். “பட்டணம் வரைக்கும் போகச் சொன்னாய், போனம். அங்கை ஒரு கடையும் திறக்கேல்லை. உன்னைப் பஸ்ஸிலை காணேல்லை. அப்ப உன்ர முறையை நாங்கள் எடுத்தம்.”

மிசிஸ் ப்றைஸ் வந்தா. பனியால் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிக்குச் சீலை போகவேணும். அவ மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. டோறிசின் செருப்பைப் பார்த்தா. ரெய்லரின் தொப்பியைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா.

“உன்ர ஊர் ஆக்கள் எல்லாரும் இப்பிடியோ?”

நான் இருவரையும் பார்த்தேன்.

“ஓம்” என்றேன்.

“அப்ப கோட்டைக் கழட்டு,” என்றா. “சீலை குவியுது.”

இவர் மத்தியானம்தான் வீட்டுக்கு வந்தார். பஸ்ஸில் நித்திரையாகி, பட்டணத்துக்கும் தெருவுக்குமாய் மூன்று தரம் போய்வந்திருக்கிறார். வின்ஸ்ரன் எழுப்பவில்லை. ஆள் எண்ணுகிற நாளெல்லோ.

மாத முடிவில் ஒருவர் வந்து கம்பத்திலிருந்த தாளைச் சுரண்டி எடுத்தார். பத்மா பள்ளிக்கூடப் பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவரிடம் கேட்டாள். பஸ் நிற்காது. விடியவும் பின்னேரமும் இன்னும் ஒரு பஸ் விடப் போகிறார்களாம். அவள் தெருவால் கத்திக்கொண்டு வந்தாள், எந்தப் பாசையில் என்று நான் கவனிக்கவில்லை.

முறையை நிறுத்திவிட்டோம். ஆனால் சனம் நிற்கவில்லை. ரெய்லர் கிழமைக்கு நாலு நாள் போகிறார். ஹாறிசன் காரை விற்கப் போவதாய்க் கதை. விடியப் பஸ்ஸில் எனக்கு இருக்க இடம் கிடைப்பதில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டுதான் போகிறேன். நல்லாய் இருக்கிறது.